ஹங்கேரிச் சீமாட்டி வேடம்

மார்ச் 6, 1939. ஹாலிவுட்

தயாரிப்பாளர் ஹாஸ்கெல் இன்று என் திரைக்கதையைப் பாராட்டினார். படித்துவிட்டுப் பாராட்டியிருக்கலாம். கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிட்டார். புடாபெஸ்ட் சந்தையில் தர்பூசணி வாங்குபவன்கூட ஒரு தட்டு தட்டிப் பார்ப்பான்.

"ஆர்ட்டி, அந்த ஹங்கேரிச் சீமாட்டி பிரமாதம்" என்றார். ஆர்பாத் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாது.

சீமாட்டி வேடத்தை என் மனைவி எடெல்காவுக்காகவே எழுதினேன். எங்கள் ஹங்கேரியில், புடாபெஸ்டில் அவள் மேடைக்கு வந்தாலே கைதட்டல் அடங்க நேரமாகும். இங்கே வந்ததிலிருந்து அடுப்படிப் பிரவேசம் மட்டும்தான்.

மார்ச் 14

எடெல்காவை கேமரா முன் நடிக்க வைத்துப் பார்த்தார்கள். ஹாஸ்கெலின் தீர்ப்பு: "நல்லாத்தான் பண்றாங்க. ஆனா ஹங்கேரிக்காரி மாதிரியே இல்லையே, ஆர்ட்டி."

மார்ச் 15

வேடம் லோர்னா பிக்கெட்டுக்கு. நெப்ராஸ்கா மாநிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் மகள். ஹங்கேரி வாடையோடு ஆங்கிலம் பேச அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். யாரைக் கேட்டார்கள்? வேறு யாரை, எடெல்காவைத்தான்.

நான் வந்து சொன்னபோது எடெல்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஹாஸ்கெல் சொன்னப்போ நீயும் அங்க இருந்தேல்ல?"

"இருந்தேன்."

"என்ன சொன்னே?"

கீழே விழுந்த வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சொல்லலையா? வசனத்துக்குத்தானே உனக்குச் சம்பளம்."

"எழுதுறதுக்கு. பேசுறதுக்கில்ல" என்றேன். நான் வேடிக்கைக்காரன் என்று ஊரில் பெயர். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

லோர்னா தினமும் வருகிறாள். எடெல்கா செய்யும் எங்கள் ஊர் பாப்ரிகா மிளகாய்க் கோழிக் குழம்பைத் தின்றுகொண்டே பாடம் கேட்கிறாள். நல்ல பெண். அதுதான் எரிச்சல் — நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள்.

"மேடம், இதே வசனத்தை நீங்க பேசுனா அழுகை வருது. நான் பேசுனா எங்கம்மாவே சிரிப்பாங்க."

"அழ வைக்கிறதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல மூச்சு விடு" என்றாள் எடெல்கா.

நவம்பர் 20

படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. லோர்னா அச்சு அசல் ஹங்கேரிக்காரி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த நிபுணர்களுக்கு ஹங்கேரி எந்தக் கண்டம் என்று தெரிந்தால் சரி.

என்னைத் தயாரிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். தனி அறை. கதவில் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. திருத்தச் சொல்லவில்லை. வந்த அன்றே எதற்கு வம்பு?

பிப்ரவரி 9, 1940

புதுப் படத்தில் விதவை வேடம் எடெல்காவுக்கு என்றேன்.

"லோர்னாவே பண்ணட்டுமே" என்றார் ஹாஸ்கெல்.

"முடியாது."

அவருக்குக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். விழுந்திருந்தது.

"அப்ப உனக்கு ரூம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. காலி செய்தேன்.

வீட்டுக்கு வந்தால் எடெல்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நியூயார்க்கில் ஒரு நாடகக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, லோர்னா சிபாரிசு. நான் என் வீரத்தைச் சொன்னேன்.

"சண்டை போடச் சொல்லி நான் கேட்டேனா?"

"இல்ல."

"போன வருஷம் போட்டிருக்கலாம்."

கட்டிலில் கிடந்த அவள் உடைகளை மடித்துக் கொடுத்தேன். "உன் கம்பளிக் கோட்டு எங்க? அங்க குளிரும்" என்றாள்.

ஏப்ரல் 22, நியூயார்க்

எடெல்காவின் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த என் நாடகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே படிக்கிறார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 3

எடெல்கா நடிக்கும் நாடகம், முதல் நாள் காட்சி. நிகழ்ச்சித்தாளில் என் பெயர் எங்கும் இல்லை. இரண்டாம் அங்கத்தில் எடெல்கா ஒரு வார்த்தையும் பேசாமல் கையுறையைக் கழற்றினாள். அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை. அந்த இடத்துக்கு நான் ஒரு பக்கம் வசனம் எழுதிக் கெடுத்திருப்பேன்.

பக்கத்து இருக்கை அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "யாருங்க இவங்க?" என்று கேட்டாள்.

"என் மனைவி" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை.