போர்த் தண்ணீர் ஊற்றிய வண்டி

அன்பு மாமா,

உங்கள் வண்டி நின்றுவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, "விசயத்துக்கு வா மாப்ள" என்று என்னை எத்தனை தடவை அதட்டியிருக்கிறீர்கள்! விஷயம் இதுதான். இஞ்சின் சீஸ் ஆகி இறுகிவிட்டது, இனி அது ஓடாது.

போன ஆடியில் இராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவை டயாலிசிஸுக்கு ஓசூர் கூட்டிப்போவது என் வேலை. கம்பெனியில் கெஞ்சி அதற்குத் தோதான ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். பஸ் சரிப்படாது. போகும்போது எப்படியோ உட்கார்ந்து வருவாள். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த பிறகு அவளால் நிற்கக்கூட முடிவதில்லை, துவண்டுவிடுகிறாள். உங்கள் வண்டியின் பின்சீட்டில் படுத்தபடிதான் வீடு வருவாள்.

அந்த வண்டி எப்போது கொதிக்காமல் ஓடியது, சொல்லுங்கள்? சானமாவு காட்டுக்குள் நிறுத்தக்கூடாது, யானை வரும் என்று, காடு தொடங்குவதற்கு முன்னாலேயே புளியமரத்தடியில் ஓரங்கட்டுவீர்கள். பானெட்டைத் தூக்கி, ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, டிக்கியில் இருக்கும் கேனை எடுத்து ஊற்றுவீர்கள். அதற்குள் அக்கா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். எல்லாக் காரும் வழியில் தண்ணீர் குடிக்கும் என்றே உங்கள் மகள் நம்பிக்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போன குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். இஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துவிட்டால் சூடு காட்டும் ஊசி இறங்கும் என்பீர்கள். ஊசி இறங்கும், நாங்கள் அவிந்துபோவோம்.

"கூலன்ட் ஊத்துங்க மாமா" என்று நான் கத்தாத நாளுண்டா?

"என்னாத்துக்கு அந்தப் பச்சத் தண்ணி? நம்ம போர் தண்ணியில தென்ன மரமே வளருது. காரு ஓடாதா?"

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் அதே போர்த் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயை அடைக்கிறது என்று, ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் ஆசிட் விட்டுக் கழுவியவரும் நீங்கள்தானே மாமா? உப்பு வெள்ளை வெள்ளையாக உதிர்வதைக் கையில் ஏந்தி எனக்கே காட்டினீர்களே. தோட்டத்துக் குழாய்க்குச் செய்ததை வண்டிக் குழாய்க்குச் செய்ய எப்படித் தோன்றாமல் போனது? எனக்கு உங்கள் மேல் கோபம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படத்தான் செய்கிறேன்.

நீங்கள் போன பிறகு நானே கூலன்ட் வாங்கி வந்தேன். அக்கா தொடவிடவில்லை. "அவுரு ஊத்துனதையே ஊத்துடா" என்றாள். ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்னாலும் அவளே மோட்டார் போட்டு, கேனை நிரப்பி, மூச்சு வாங்க வாங்க டிக்கிவரை தூக்கி வருவாள். உங்களுக்காக அவளால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தெரியும். எந்த வாயால் வேண்டாம் என்பேன்?

போன வாரம் ஓசூரிலிருந்து திரும்பும்போது, தொரப்பள்ளி தாண்டியதும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்பினேன். காட்டுக்குள் நுழைந்ததுமே ஊசி சிவப்பைத் தொட்டது. யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது, எங்கேயும் நிறுத்தாமல் போய்விடு என்று வனக்காவலர் அப்போதுதான் எச்சரித்து அனுப்பியிருந்தார். பின்சீட்டில் அக்கா கண்மூடிக் கிடக்கிறாள். ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன், கண்ணாடிகளை இறக்கினேன், ஓட்டினேன். காடு முடிந்ததும் வண்டி தானாகவே நின்றது. ஒரே புகை. அப்புறம் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

உத்தனப்பள்ளி மெக்கானிக் கயிறு கட்டி இழுத்துப்போனார். ரேடியேட்டரைப் பிரித்தவர் தெலுங்கில் எதையோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"போர் தண்ணியாண்ணா? உள்ள பூரா கல்லாப் பூடுச்சி. இஞ்சின் ஹெட்டும் கிராக் வுட்டிருக்குது. இனிமே இத வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது."

கண்ஜாடை காட்டி அவரைத் தடுத்தேன். அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள். பட்டறை பெஞ்சில் சாய்ந்திருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"நாந்தாண்டா ஊத்தி ஊத்தி அடைச்சிட்டேன்."

"நீ இல்லக்கா. மாமா காலத்துலருந்தே அப்பிடித்தான்."

"அவுரு ஓட்டுனாரு. ஏங்கையில வந்துதான நின்னுது." நகத்தில் ஒட்டிய வெள்ளையைப் புடவையில் துடைத்தாள். "போதுண்டா. இந்த வண்டிய வுட்ட மாதிரி என்னியும் வுட்டுடு."

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு முறை தவறிவிட்டது. முகம் வீங்கியிருக்கிறது, கால் செருப்புக்குள் நுழையவில்லை. இன்னும் தவறினால் என்னாகும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை உங்கள் மகளிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாளே தவிர, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலை கேனில் மிச்சமிருந்த தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, கேனைத் தொட்டியருகே கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதட்டியிருப்பீர்களா? நீங்கள் அதட்டினால் முனகிக்கொண்டே கிளம்பிவிடுவாள். நான் தம்பிதானே, நான் அதட்டினால் சிரிக்கிறாள்.

நாளைக் காலை வாடகைக் கார் வரச் சொல்லியிருக்கிறேன். அக்காவைக் காப்பாற்றிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய வாய் வரவில்லை மாமா. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். கவிழ்த்து வைத்த கேனை நானே நிரப்பி, அந்தக் காரின் டிக்கியில் வைப்பேன். அது கொதிக்காத வண்டி, அதற்கு நம் போர்த் தண்ணீர் வேண்டாம். அக்கா பார்க்கட்டும் என்றுதான் வைக்கிறேன். பிறகு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். டிரைவர் திட்டினாலும் சரி, அவள் வந்து ஏறும்வரை அந்தக் கதவை மூடமாட்டேன்.

நீங்கள் மட்டுமே மாப்ள என்று கூப்பிட்ட
உங்கள் மச்சான்,
முனிராஜ்