படிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான், உன் தங்கை, அவள் மகள் குட்டி மூவரும் உடம்பளவில் நலம். மனசு நலமா என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவேன், நீ பதறிப்போவாய். அதனால் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் போர்வையைத் திட்டு.

உன் தங்கை புருஷனை விட்டு வந்ததிலிருந்து அவளுக்கும் குட்டிக்கும் நலத்துறையிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை வருவதும், அவள் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பில் முழுநேர மாணவியாகச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். அந்தப் படிப்பை நான் வெளியே மூச்சு விடாமல் வைத்திருந்தது உனக்குத் தெரியாது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் பகல் முழுக்கக் கல்லூரியில் உட்கார்ந்தால் தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று கீழே சாவிக்கடை வைத்திருப்பவர் சொன்னார். அவர் பேச்சில் பாதி புளுகு என்று தெரிந்தும் நான் நம்பிவிட்டேன். உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது நலத்துறையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தவர், நாம் இரவல் வாங்கி வைத்திருந்த தையல் மெஷினைப் பார்த்துவிட்டு இந்த வீட்டில் வருமானம் இருக்கிறது என்று எழுதிப் போனதை மறந்திருக்க மாட்டாய். அடுத்த மாதமே நமக்கு வந்துகொண்டிருந்த உதவிப்பணம் நின்றது, நீயும் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனாய். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அதனால் யார் கதவைத் தட்டினாலும் உன் தங்கையின் புத்தகங்களை ஓடாத வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடிவிடுவேன். அவளுடைய வெள்ளைக் கோட்டு என் யூனிபாரத்துக்கு அடியில் போய்விடும். எத்தனை தடவைதான் என் பாடத்தைத் துவைப்பாய் என்று அவள் கேலி செய்வாள். அம்மா எங்கே என்று யார் கேட்டாலும் வேலை தேடிப் போயிருக்கிறாள் என்று சொல்லக் குட்டியையும் பழக்கிவிட்டேன்.

போன மாதம் நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசுதான், மாடி ஏறி வந்த களைப்பு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வாஷிங் மெஷின் மூடியின் மேலேயே பையை வைத்தாள், எனக்கு உயிர் போய் வந்தது. உங்கள் மகள் தினமும் கல்லூரிக்குப் போகிறாளா என்று தன்மையாகத்தான் கேட்டாள். அந்தத் தன்மைதான் என்னைக் கெடுத்தது. வாயைக் கிளறிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "படிப்பா, அவளுக்கா? அதெல்லாம் அவ மண்டையில ஏறாதுங்க, எப்பவோ விட்டுட்டா" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, நிச்சயமாகத் தெரியுமா என்று மறுபடி கேட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று நான் அடித்துப் பேசினேன். யாரும் கேட்காமலேயே குட்டி வந்து, அம்மா வேலை தேடிப் போயிருக்காங்க என்று ஒப்பித்தாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது குழந்தையின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, தப்பித்தோம் என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் என் புத்தியைப் பார்.

விஷயம் என்னவென்றால், உதவித்தொகை வாங்கிக்கொண்டே முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கென்று கல்லூரியில் ஒரு நிதி இருக்கிறதாம். கட்டணம், பஸ் செலவு, குட்டியைப் பகலில் விடும் காப்பகத்துச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. உன் தங்கை சேரும்போதே நலத்துறையில் எல்லாவற்றையும் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறாள். சொன்னால் நான் தூங்க மாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. வந்த பெண் நிதியைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று எழுதத்தான் வந்தாளாம். நான் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் கல்லூரி அலுவலகத்தில் இவளைக் கூப்பிட்டு, நீ படிப்பை விட்டுவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார்களாம், இவள் வெள்ளைக் கோட்டோடு அங்கேயே நிற்கிறாள். முதலில் சிரித்துவிட்டாளாம். நிதி நின்றுவிட்டது, கட்டணம் வராமல் கடைசித் தேர்வு எழுத விட முடியாது என்று சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றிருக்கிறது.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேரையும் நலத்துறையில் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொய் சொன்னது மகளா, அம்மாவா என்று பார்ப்பார்களாம். மகள்தான் என்று முடிவு செய்தால் தேர்வும் போகும், உதவித்தொகையும் போகும், இதுவரை கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். கேஸ் போடுவார்கள் என்கிறார் சாவிக்காரர். அவரை இனி மாடிப்படி ஏறவிடப் போவதில்லை, ஆனாலும் அவர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. போர்வையை மடிக்கும்போது ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. சூப்பர்வைசர் இரண்டு முறை பிரித்து மடிக்கச் சொன்னாள்.

உன் தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெஷினிலிருந்து புத்தகங்களை எடுத்து ஜன்னலோர மேஜையில், தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி அடுக்கினாள். "அங்க வந்து அழாதம்மா. எம்பொண்ணு படிக்கிறான்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள். இனிமேல் யாராவது கேட்டால் தான் எதைச் சொல்ல வேண்டும் என்று குட்டி என்னிடம் கேட்டாள்.

நீ இப்போது பணம் எதுவும் அனுப்பாதே. அனுப்பினால் இது எந்த வருமானம் என்று அதற்கும் ஒரு கேள்வி வரும். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். உன் மேலாளரிடம் சிடுசிடுக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே.

இப்போது பக்கத்தில் மடிக்கிறவள், யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டாள். பெரியவளுக்கு என்றேன். சின்னவள் என்ன செய்கிறாள் என்றாள். அவள் கல்லூரியில் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இந்த வார்த்தையை என் வாயால் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒரே சந்தோஷம், என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். திங்கட்கிழமை அவர்களும் இதையேதான் கேட்பார்கள். அவளிடம் ஒரு போர்வையை எடுத்து நீட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறைவில்லாமல் வாழ என் ஆசீர்வாதம். அந்தத் திங்கட்கிழமை காலையில் மட்டும் போனைப் பக்கத்திலேயே வைத்திரு. நான் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாலும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா