வெயிலில் காய்ந்த இசைத்தட்டு

வலியசாலை, திருவனந்தபுரம்
வியாழக்கிழமை

அன்புள்ள கொழுந்தன் சுஜித்துக்கு,

மைனி பொன்னம்மை எழுதுகிறேன். உன் சுகம் கேட்பதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது தொண்டையிலேயே நிற்கும். உன்னுடைய இசைத்தட்டு ஒன்றைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டைமாடியில் வேட்டி விரித்து, மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு வைத்தேன். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் தட்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தது.

எந்தத் தட்டு என்று கேட்பாய். எனக்கு ஆங்கிலம் எங்கே தெரியும்? அட்டையை வைத்துத்தான் அடையாளம். நீல அட்டை, அதில் வெறும் நாற்காலி ஒன்று மட்டும் இருக்கும். அதுதான். அதில் உட்கார ஆளில்லையே என்று முன்பு நான் உன்னைக் கேலி செய்வேன், உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் பாதியில் சிரித்துவிடுவேன், நீ பாதியில் "மைனி, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதோடு ஹாலில் படுத்திருக்கிற உன் அண்ணன் காதில் எல்லாம் விழும். அவருக்கு வாய்தான் போயிற்று, காது பாம்புக் காது. நம்முடைய ஞானசிகாமணி அண்ணனின் மகள் ரெனிக்கு உன் ஊரிலேயே நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் கிளாஸோடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் அதையும் வெயிலில் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை நான்கு தடவை படித்தேன். உன் அறையைக் காலி செய்து அண்ணனை அங்கே படுக்க வையுங்கள், தட்டுகளையும் பிளேயரையும் கொச்சியிலிருந்து லிபின் என்று ஒருவர் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வண்டியோடு வந்து எடுத்துப்போவார், எனக்கு அதெல்லாம் இனி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியைத்தான் நான்கு தடவை படித்தேன். வேண்டாம் என்கிற ஆள், இங்கே ஒவ்வொரு மழைக்கும் "மைனி, அறையில ஈரம் ஏறிட்டா?" என்று அங்கிருந்து ஏன் கேட்கிறான்? உன் அண்ணனைவிட நீ நன்றாகப் பொய் சொல்வாய் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒரே வீட்டுச் சரக்குதான்.

ஈரம் ஏறியிருந்தது. இந்த வருடம் இடவ மாதத்தில் பிடித்த மழை இப்போதுதான் விட்டது. அறையைத் திறந்தேன், அட்டைகளிலெல்லாம் திருநீறு பூசின மாதிரி பூஞ்சை. ஈரத்துணியால் அட்டைகளைத் துடைத்தேன். உள்ளே தட்டிலும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அழுக்கென்றால் கழுவ வேண்டும், கழுவினால் காயவைக்க வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல வேளை, ஒரு தட்டில் பரீட்சை பார்த்தேன். மற்றதையெல்லாம் பிறகு நிழலில், ஃபேன் காற்றில், ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துத்தான் உலர்த்தினேன். பயப்படாதே.

இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த அப்பளத் தட்டு இன்னும் பாடுமா என்று பார்க்க, நீ முன்பு காட்டித்தந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளை ஓரத்தில் வைத்தேன். பாடியது. முள் மேலும் கீழும் போகிறது, வேளிக் காயலில் போட்டில் உட்கார்ந்த மாதிரி. பாட்டும் அப்படித்தான், ஏறுகிறது, இறங்குகிறது. பிறகு உன் கிட்டார் இரைச்சல் ஆரம்பித்தது. கதவு திறந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. ஹாலில் உன் அண்ணன் இடது கையால் கட்டில் சட்டத்தை டம்டம் என்று அடிக்கிற சத்தம் கேட்டது.

போச்சுடா என்று நினைத்தேன். பழைய கோபம் மறுபடி வந்துவிட்டதென்று ஓடிப்போய் நிறுத்தினேன். அடி நிற்கவில்லை, இன்னும் பலமாக அடித்தார். தண்ணீரா என்று கேட்டேன். இல்லை. திருப்பிப் படுக்க வேண்டுமா? இல்லை. சாயாவா? கண்ணில் நெருப்பு. எனக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் மறுபடி போய் முள்ளை வைத்தேன். அடி நின்றது.

நீ நம்ப மாட்டாய். நான் அறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்.

பக்கவாதம் வந்து விழுந்த இந்த ஏழு மாதத்தில் அவருக்கு என்னவெல்லாம் போட்டுக் காட்டினோம் தெரியுமா? டிவி, பழைய சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு. சரசம்மா அக்கா தன் மொபைலில் சுப்ரபாதம் கொண்டுவந்தாள், அதைத் தட்டிவிட்டார். பார்க்க வருகிறவர்களெல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, "சோறா? சூடா இருக்கா? யாரைத் தேடுறீங்க?" என்று பரீட்சை நடத்துவார்கள். அவர் "கா… கா…" என்பார். காக்கா என்று சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. நானும் ஒருநாள் சிரித்தேன். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ரெம்யா என்று ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். முதல் நாள் இந்தப் பாட்டைக் கேட்டதும், "சேச்சி, மிக்ஸி கேடாயோ?" என்று அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். மிக்ஸி கெடவில்லை மோளே, என் கொழுந்தன் வாங்கிவைத்த பாட்டு என்றேன். நீ பி.ஏ. எல்லாம் படித்தவளாயிற்றே, இந்தப் பெண் என்ன பாடுகிறாள் என்று சொல்லு என்றேன். மூன்று தடவை காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பாடுகிற சத்தத்தை இரைச்சலுக்கு அடியில் வேண்டுமென்றே புதைத்துவைப்பார்களாம், ரெம்யா மொபைலில் பார்த்துச் சொன்னாள். வாசிக்கிறவர்களும் சனத்தை நிமிர்ந்து பார்க்காமல் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம், அதை வைத்துத்தான் இந்த வகைக்குப் பெயரே என்றாள். நான் கட்டிலைப் பார்த்தேன். உன் அண்ணனை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தால் நாள் முழுக்க அவரும் தன் செருப்பைத்தான் பார்க்கிறார். சேர வேண்டிய கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறார் என்று சொன்னேன். ரெம்யா சிரித்தாள். அவரும் பாதி வாயால் சிரித்தார், சத்தியமாக.

தட்டில் பாடுகிற அந்தப் பெண்ணுக்கும் வார்த்தை வெளியே வரவில்லை, சுஜித். ஆனால் அவளை யாரும் நிறுத்தி, சோறா, சாயாவா என்று கேட்கவில்லை. பாடு தாயே என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை

நேற்று எழுத உட்கார முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. உன் அண்ணன் ஆளே உருகிவிட்டார், எடை மட்டும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, தூக்கும்போது பழைய எடைதான். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போட வேண்டும். உன் தட்டையோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அடுப்பில் பால் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஒருநாள் பாலைப் புரட்டிவிட்டு அவரை இறக்கிவைக்கப் போனேன். இதை நான் எல்லோரிடமும் வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். பொன்னம்மை இருக்கிற வீட்டில் துக்கம் தங்காது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்கள். போன பிறகு நான் கொஞ்ச நேரம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றுவதில்லை. பிறகு உள்ளே தட்டு முடிந்து முள் சரக் சரக் என்று இழுக்கும். கட்டிலில் டம்டம் என்று கேட்கும். எழுந்துவிடுவேன்.

நீ ஊரைவிட்டுப் போகுமுன் உனக்கும் அண்ணனுக்கும் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலைக் கம்போளச் சந்தையில் விடியற்காலை வாழைக்குலை ஏலம் விளிக்கிற தொண்டை அவருடையது, ஆற்றுக்கால் வரை கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, உனக்கு வந்த பெட்டியை வாசலுக்குத் தூக்கிப்போய், தெருவைக் கூட்டி உன் தட்டுகளை ஏலம் விட்டார். "கூப்பாடு போடுற பிளேட், ஒரு தரம்! புரியாத பாட்டு, ரெண்டு தரம்!" தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் உன் ஆபீஸ் கூட்டாளிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். நீ அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாய். ஏழாம் நாள் விமானத்தில் ஏறினாய். அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது, ஐந்து வருடம்.

நீ பார்க்காத பாதியைச் சொல்கிறேன். மூன்றாம் தரம் அவர் சொல்லவில்லை. நீ உள்ளே போன பிறகு அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கி உன் அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார். ஒரு அட்டையில் மண் பட்டிருந்தது, வேட்டி நுனியால் துடைத்தார். கதவைத் தட்டக் கையை ஓங்கினார். தட்டவில்லை. மறுநாள் ஏலம் விளிக்கப் போனவர், தொண்டை கட்டிவிட்டது என்று ஏழு மணிக்கே திரும்பிவிட்டார். தொண்டையில் ஒன்றுமில்லை, என்னிடம் நன்றாகத்தான் கத்தினார். உன்னிடம் பேச வேண்டும் என்று பத்துத் தடவை என் போனை வாங்கியிருக்கிறார், வெறுமனே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்போது பேச ஆசை இருக்கிறது, வாய் இல்லை. அந்தக் கா… கா… காக்காவும் இல்லை, காப்பியும் இல்லை, உன்னைத்தான் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நேற்று உன் அறைச் சாவியை எடுத்து அவர் கண் முன்னால் ஆட்டினேன். கையை நீட்டி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

அந்த லிபினிடம் வர வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. எனக்கு மலையாளத்தில் கண்டிப்பாகப் பேச வராது, சிரிப்பு வந்துவிடும். தட்டுகள் இங்கேயே இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டுக்கு நான் வரும்போது நீ மூன்றாம் கிளாஸ், மூக்கொழுகிக்கொண்டு என் சேலையில் துடைத்தவன், அந்த உரிமையில் கேட்கிறேன். ஒரு பத்து நாள் லீவு போட்டு வா. மன்னிப்புக் கேட்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பேசவே வேண்டாம். அவரும் பேச மாட்டார், உனக்குச் சௌகரியம். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கூப்பாட்டைக் கேளுங்கள். புரட்டிப் போட வேண்டியதை நீ புரட்டிப் போடு. நான் கொஞ்சம் தூங்குகிறேன்.

கீழே ஒரு வட்டம் இருக்கிறதே, அது அவர் இடது கையால் போட்டது. ரெம்யா "அ" எழுதச் சொன்னாள். இவர் வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்தார். தட்டா, உளுந்துவடையா என்று கேட்டேன். முறைத்தார். உனக்குத்தான் என்று வைத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. நீ நன்றாக இருக்க வேண்டும், வந்து சேர வேண்டும்.

அன்புடன் உன் மைனி,
பொன்னம்மை

ஞாயிற்றுக்கிழமை. ரெனி கடிதம் வாங்க வரும்முன் இன்னும் ஒன்று. அந்த லிபின் இன்றே வந்துவிட்டார். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், போகிற வழியில் தட்டுகளை ஒரு பார்வை பார்க்கலாமென்று வந்தாராம். நல்ல மனிதர், குடுமி வைத்திருக்கிறார், வெள்ளை பேன்ட். உன் அண்ணனின் கட்டிலோரம் உட்கார்ந்து, நான் அங்கேயே கொண்டுவந்து வைத்த பிளேயரில் பாடிக்கொண்டிருந்த நீல அட்டைத் தட்டைப் பார்த்து, இது வளைந்துபோயிற்று, தூரப் போடலாம் என்றார். அப்போது உன் அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை அவரே பிடிக்க வேண்டும் என்பது ரெம்யாவின் உத்தரவு. கிண்ணம் அந்த வெள்ளை பேன்ட்டின் மேல் சாய்ந்துவிட்டது. ஆறின கஞ்சிதான். கை தவறிவிட்டது, நோயாளி, தப்பாக நினைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். இடது கைக்கு ஒரு பழுதும் இல்லை என்பது லிபினுக்குத் தெரியாது. "குழப்பமில்ல சேச்சி", பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். உன் அண்ணனுடைய கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் கொச்சிக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் தேதியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேன்ட்டைத் துவைத்துவிட்டேன். இந்த முறை நிழலில்தான் போட்டிருக்கிறேன்.