நாமக்கோழிக்கு மூன்று வரி

மே 12, 2025, திங்கள். காலை 9.40. வந்த பிள்ளைகள் 17.

கரையான்சாவடி சர்ச் ஹால். கோடை விடுமுறை நாடகம். பருத்திப்பட்டு ஏரிப் பறவைகள் கூட்டம் போடுகிற கதை. ரெனிதா அக்கா இயக்கம். ஒலி, ஒளி, வசனம் நான். டிப்ளமோ படித்தவனுக்கு வசனம் பெரிய வேலையா? ஒரே மூச்சில் முடித்தேன்.

நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட ஏரிப் பறவை, நாமக்கோழி வேஷம் காவ்யாவுக்கு. ஆறாம் வகுப்பு போகப்போகிறாள். மூன்று வரிதான். காலர் மைக் மாட்டியும் ஒலி மீட்டரில் முள் அசையவில்லை. மைக் கோளாறு.

மே 13

மைக்கை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ம்ஹூம்.

மே 14

காவ்யாவின் அம்மா சரசா அக்கா வந்தார்.

"வாயத் தொறந்தாளா நைனா? ஸ்கூல்ல 'கீது'ன்னு இவ சொன்னதுக்கு கிளாஸே சிரிச்சிச்சாம். ஜனவரிலேர்ந்து அங்க பேச்சே இல்ல. ஊட்ல மட்டும் காது கிழியுது. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். இல்லாங்காட்டி டியூஷன்ல வுட்டுடுவேன். நாடகத்துக்கு மார்க்கா குடுக்கறாங்க?"

நாலு பேர் எதிரில் நின்று பேச எந்த டியூஷனில் சொல்லித் தருகிறார்கள்? கேட்டேவிட்டேன். முறைத்தார். நான் சொன்னது சரி. ஆனால் நிரூபித்துக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

மே 15, வியாழன்

இடைவேளை. காவ்யா மைக்கைக் கழற்றவில்லை, நானும் அணைக்கவில்லை. ஸ்பீக்கர் அலறியது:

"டேய் ரூபஸு, எஞ்செருப்ப எங்கடா ஒளிச்சி வெச்சிகினு கீறே?"

முள் சிவப்பைத் தாண்டியது!

மூணு நாளா ஒயரைக் குற்றம் சொல்லியிருக்கேன், முட்டாள். கோளாறு என் வசனத்தில். 'எங்கள் ஏரியில் நீர் எங்கே இருக்கிறது?' — எந்த நாமக்கோழி இப்படிப் பேசும்?

காவ்யாவைக் கூப்பிட்டேன். "இதையே உங்க ஊட்ல எப்டி கேப்பே?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏரி கீது. தண்ணி எங்க கீது?"

என்னுடையதைவிட நல்ல வரி. எழுதிக்கொண்டேன்.

ரெனிதா அக்கா: "சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும்க்கா. அது சிரிக்கிற இடந்தான்."

மே 16

சரசா அக்கா வாசலில் நின்று ஒத்திகையைக் கேட்டார். டியூஷன் பேச்சு எழவில்லை.

மே 25, ஞாயிறு

நாடகம். அந்த வரிக்கு ஹாலே சிரித்தது. காவ்யா நின்றுவிட்டாள். போச்சு. மறுபடி வாயை மூடிக்குவாளா? நான்தானே இதில் இழுத்துவிட்டேன்?

இடுப்பில் கை வைத்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னா சிரிப்பு? உங்க ஊட்டு பைப்புல மட்டும் வருதா?"

நான் எழுதாத வரி அது. யாருமே எழுதாத வரி. கைத்தட்டலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பள்ளி திறந்து ஐந்தாம் நாள். சரசா அக்கா போனில்: "டீச்சர் கம்ப்ளைண்ட் நைனா. கேள்வி மேல கேள்வி கேட்டுகினே கீறாளாம்."

புகார் சொல்கிற குரலா அது?

செய்ய வேண்டியவை:

1. காலாண்டு விடுமுறைக்கு ஹாலை இப்போதே கேட்டு வைக்க.
2. இனி வசனம் நான் எழுத மாட்டேன் என்று ரெனிதா அக்காவிடம் சொல்ல.
3. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் காவ்யாவிடம் கொடுக்க. கோடு போட்டது.