ஐந்நூறு மீற்றர் வட்டம்

ஜனவரி 6, செவ்வாய்

காலைச் சாப்பாட்டோடு நப்லா தீர்ப்பையும் பரிமாறினாள். "குப்பை போகணும். இல்லாட்டி நீங்க போகணும்."

வீட்டுக்குப் பக்கத்து வெறும் வளவில் எங்கள் பிரதேச சபை 'தற்காலிகமாக'க் குப்பை கொட்டத் தொடங்கி இரண்டு வருடம். சபையில் வரைபடம் போடுகிற உத்தியோகத்தர் நான். ஊரில் பெயரே மெப் மசூர். ஆகவே அங்கே மணக்கிற ஒவ்வொரு மீன் தலைக்கும் நான்தான் பொறுப்பு.

வேறு ஊர்களில் கோபித்துக்கொண்ட மனைவி தாய்வீட்டுக்குப் போவாளாம். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பது. நப்லாவின் வாப்பா அவளுக்குக் கட்டிய வீட்டில் நான் மாப்பிள்ளை. யார் போக வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

ஜனவரி 9

பகல் முழுக்கக் கணினி. கிணறு, பாடசாலை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம், எல்லாவற்றையும் சுற்றி ஐந்நூறு மீற்றர் வட்டம். எந்த வட்டத்திலும் விழாத நிலம் பச்சையாகத் தெரியும். அங்கே நிரந்தரக் குப்பைத்திடல் அமைக்கலாம். திடலுக்குப் போதிய அளவில் மூன்று பச்சை வந்தது! பெரியது சவளக்கடை ஊருக்கு அப்பால். 'வெற்று நிலம்' என்றது படம்.

கொண்டாட ஒரு தேத்தண்ணி குடிக்கலாமென்றால் கடையே இல்லை. ஊருக்குள் காணி கிடைக்காமல் வயலோரத்தில் தன்னந்தனியாகக் கட்டிய சபைக் கட்டடம் இது.

மூன்று பச்சை என்றதும் வீட்டில் நப்லா ஊற்றித் தந்தாள். சீனி இரண்டு கரண்டி.

ஜனவரி 14

தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவரூபினியோடு வெற்று நிலம் பார்க்கப் போனேன். இடுப்பளவு நெல் நின்றது. வரப்பில் நின்ற நல்லரெத்தினம் என்ற விவசாயி எங்களை நெல் வாங்க வந்த முதலாளிமார் என்று நினைத்துவிட்டார். "தம்பி, இன்னும் கதிரே வரல்ல. அதுக்குள்ள விலை கதைக்க வந்திட்டீங்களா?" நாளைக்குப் பொங்கலுக்கு வரச் சொல்லியும் அனுப்பினார். அவருக்கு எப்படிச் சொல்வது, உங்கள் வயலை நான் குப்பைமேடாக்கிக் கொண்டிருந்தேன் என்று?

திரும்பி வந்து பார்த்தேன். செய்மதிப் படம் எடுத்தது செப்டம்பரில். அறுவடை முடிந்த கையோடு. திகதியைக்கூடப் பார்க்காத நான் ஒரு மெப்காரன்!

சிவரூபினி வழிநெடுகச் சிரித்தாள். "சேர், புரட்டாதியில பார்த்தா இந்த மாவட்டமே வெற்று நிலம்தான்."

ஜனவரி 15

நப்லாவின் தேத்தண்ணியில் சீனி இல்லை.

பெப்ரவரி 3

பொதுக்கூட்டம். எதையும் மறைக்க வேண்டாம் என்றார் சபைத் தவிசாளர். நானும் மறைக்கவில்லை. இரண்டாம் இடத்தைத் திரையில் காட்டி, வணக்கத்தலம், பாடசாலை, ஓதுகிற இடம் எதுவாக இருந்தாலும் ஐந்நூறு மீற்றருக்குள் குப்பை வராது என்று விளக்கினேன்.

பின்வரிசையில் ஒரு குரல்: "புதிசாக் கட்டினாலுமா?"

"ஓம். புதிசு பழசு கணக்கில்லை."

பெரிய கைதட்டல். எனக்கென்றுதான் நினைத்தேன்.

பெப்ரவரி 13

இரண்டாம் இடம் முடிந்தது. திங்கள் பற்றைக்குள் ஒரு சூலம், எலுமிச்சம்பழத்தோடு. புதன் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா. விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை. இன்று பச்சைக்கொடி. அங்கே யாரோ ஒரு இறைநேசப் பெரியார் அடங்கியிருக்கிறாராம், பெயர் இன்னும் முடிவாகவில்லை. மூன்றுக்கும் மேசன் ஒரே ஆள், நேசராசா. ஒரு பகுதியார் மறுபகுதியாருக்குச் சீமெந்து இரவல் கொடுத்ததாகவும் கேள்வி. இந்தப் பக்கத்தில் இப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை. என்னால் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பெப்ரவரி 18, புதன்

பிறை கண்டாயிற்று. நாளை நோன்பு. என் பை வாசல் கேட்டடியில் இருந்தது.

"விடியச் சஹர் சோத்தில ஈ விழ விழ என்னால நோன்பு புடிக்க ஏலா. உங்கட உம்மாட்டப் போங்க."

உம்மா வீடு அக்கரைப்பற்றில். உம்மா வீடு என்பது பேச்சுக்குத்தான், அது தங்கச்சிக்குக் கொடுத்த வீடு. எனக்குக் கிடைத்தது குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய். ஆணாய்ப் பிறந்தவனுக்கு இந்தக் கரையில் சொந்தமாக ஒரு கதவு உண்டா?

"என்ன மனே, பையோட?" என்றார் உம்மா.

சபைக் கந்தோருக்கு இங்கிருந்து கிட்ட என்றேன். உண்மையில் தூரம் இரண்டு மடங்கு.

மார்ச் 4

மூன்றாம் இடம் நல்ல இடம். கைவிட்ட கல்லுக்குழி. சுற்றிலும் ஆளே இல்லை, சூலம் நடவும் ஆளில்லை. "தூரம், டீசல் முடியும். பாப்பம்" என்கிறார் தவிசாளர். கோப்பு அவர் மேசையில் நிம்மதியாகத் தூங்குகிறது.

மார்ச் 9

நப்லாவிடமிருந்து அழைப்பு! நோன்பு தொடங்கி முதல் தடவை.

"எல்லாருக்கும் வட்டம் போட்டீங்க. நம்மட வீட்டச் சுத்தி ஏன் போடல்ல?"

அந்தக் குப்பை தற்காலிகம், மெப்பில் வராது என்றேன். சொந்த வீட்டுக்குப் போட்டால் ஊர் கதைக்கும் என்றேன்.

"அப்ப நானும் ரெண்டு வருசமாத் தற்காலிகமாத்தான் மூச்சு விடுறன்."

வைத்துவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் வட்டம் போட்டேனே — அவளுக்கு ஒன்று போட எனக்கென்ன பயம்?

மார்ச் 12

சபைக் கூட்டத்துக்கு நப்லா வந்தாள், பத்துப் பன்னிரண்டு தாய்மாரோடு. வீட்டு விறாந்தையில் அவள் எப்போதும் சிறுபிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். இப்போது அதற்கு ஒரு பெயர்ப்பலகை போட்டிருக்கிறாளாம்.

"புதிசு பழசு கணக்கில்லை எண்டு உங்கட மெப் சேர் சொன்னவர்" என்றாள், என்னை முன்பின் தெரியாதவள் போல.

"சரியா மசூர்?" தவிசாளர் கேட்டார்.

ஓம் என்றேன். எல்லோர் முன்னிலையிலும் எங்கள் வீட்டைச் சுற்றி வட்டம் போட்டேன். குப்பை சரியாக நடுவில்.

"அப்ப கல்லுக்குழி முடியும்வரைக்கும் எங்க கொட்டுற?" என்றார் தவிசாளர்.

திரையில் ஊரோரம் ஒரு குட்டிப் பச்சை மிஞ்சியிருந்தது. பெரிதாக்கினேன். எங்கள் சபை வளவு. தவிசாளரின் ஜன்னலுக்குக் கீழே.

தாய்மார் கைதட்டினார்கள். சிவரூபினி மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தாள்.

மார்ச் 18

முந்தாநாள் முதலாவது உழவு இயந்திரம் சபை வளவில் குப்பையைக் கொட்டியது. இன்று தவிசாளர் லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி என் மேசைக்கே வந்தார். "அந்தக் கல்லுக்குழிக் கோப்பு எங்க?"

"உங்கட மேசையில சேர். டீசல்...?"

"டீசலை நான் பாக்கிறன்!"

நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20

நப்லாவின் செய்தி: "பெருநாளைக்கு வாங்க."

மார்ச் 23, திங்கள்

கல்லுக்குழி வேலை முடிய இன்னும் சில மாதமாகும். அதுவரை குப்பை, எங்கள் பக்கத்து வளவில் கிடந்ததும் சேர்த்து, என் கந்தோரில்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். கேட்டடியில் நப்லா முகர்ந்து பார்த்தாள். "சட்டைய அங்கேயே கழட்டுங்க." விறாந்தையில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

அடுப்படி ஜன்னல் திறந்து கிடந்தது. அது திறக்கிற ஜன்னல் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கடல் காற்று நேராக உள்ளே வந்தது.

சீனி இரண்டு கரண்டி.