மாடிப் பெட்டிக்கு வைக்காத பொட்டு

பருத்திப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ராதிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க அம்மன் துணை இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போன் பேசினால் அப்பா பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், பக்கம் மட்டும் திருப்புவதில்லை. ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கொசுவும்தான். என் முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று அப்பா என்னைத் தள்ளிவிட்டார் என்று உன்னிடம் அழுதேன் அல்லவா, அது உண்மைதான், ஆனால் பாதிதான். அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்த பிறகு, சோலாரும் மெஷின்தானே என்று அப்பா கீழே மெயினை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். தகடுகளிலிருந்து வரும் ஒயர்கள் எல்லாம் ஒன்றுசேரும் பெட்டி ஒன்று இருக்கிறது, காம்பைனர் பாக்ஸ் என்கிறார்கள், அதைத் திறந்து ஈரத்துணியால் உள்ளேயும் துடைத்தார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் அப்படித்தான் துடைத்தாராம். நான் பொட்டு வைக்க விரலை நீட்டினேன், இரண்டு கையாலும் தள்ளினார், விழுந்தேன், குங்குமமும் கொட்டியது. ஏன் என்று கேட்டேன், பெட்டியை மூடிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். நீயும் போனில் அவரிடம், இனிமேல் என்னோடு பேசாதீர்கள் என்றாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். நானும் மூன்று நாள் பேசவில்லை, வீடு நன்றாக அமைதியாக இருந்தது.

நாலாம் நாள், சோலார் ஓடவில்லை என்று, தகடு மாட்டிக் கொடுத்த ஜஸ்டின் வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே கருகியிருந்தது. யார் துடைத்தது என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, மெயின ஆஃப் பண்ணாலும் வெயில் ஆஃப் ஆவாது" என்றான். வெயில் இருக்கிறவரை அந்தப் பெட்டிக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்குமாம். என் விரல் போகும்போது உள்ளே நீலமாய் ஒரு பொறி பறந்ததைப் பார்த்துத்தான் தள்ளினேன் என்று அப்பா அப்போதுதான் சொன்னார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதுப் பெட்டியை நான்தான் தேர்ந்தெடுத்தேன், புடவைக் கடையில் கேட்பதைவிட அதிகம் கேள்வி கேட்டேன், ஜஸ்டின் இரண்டு தடவை மோர் குடித்தான். பழையதில் வீட்டுக்குப் போடும் சாதாரண சுவிட்சைப் போட்டிருந்தார்கள், தகட்டு மின்சாரம் ஒரே திசையில் ஓடும் டிசி, அதன் பொறியை அணைக்க அதற்கென்றே செய்த சுவிட்ச் வேண்டுமாம். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃப்யூஸ், இடி மின்னலுக்கு ஒரு காப்பு, மழை புகாதபடி மூடியில் ரப்பர், ஒயர் எல்லாம் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். கண்ணாடி மூடி போட்டது அழகாக இருந்தது, ஆனால் பூட்டு இல்லை, வேண்டாம் என்றுவிட்டேன். மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டியாயிற்று. சாவி என்னிடம். நீங்களும் அங்கே சோலார் போடப் போவதாகச் சொன்னாயே, இதையெல்லாம் கேட்டு வாங்கு.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "ஈரத்துணி போட்டது நான்தானே. கொயந்த எம்மேல கோவமா இருந்தா இருக்கட்டும். உனுக்கு இப்படி ஆவப் பாத்துதுன்னு தெரிஞ்சா அது அங்க தூங்காது" என்றார்.

நீ பயப்படுவாய் என்று தெரிந்தும் எழுதிவிட்டேன், ஏனென்றால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞாயிறு பன்னிரண்டரைக்கு உன் போன் வரும் என்று இன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கே சட்டை மாற்றி உட்கார்ந்தார். நீ என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்தாய். குழந்தைக்குச் சளி இருந்தால் தலைக்கு ஊற்றாதே. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீடூழி இருங்கள். அடுத்த ஞாயிறு நான் எடுத்தவுடன், அப்பாவிடம் கொடு என்று சொல்.

உன் அம்மா,
வரலட்சுமி பரந்தாமன்