பதினாறு டிஸ்க்கிலும் இடமில்லை

பிப்ரவரி 11, 2008

ரங்கசாமி குளத்தருகே பஸ் நகரவேயில்லை. கண் ஆஸ்பத்திரி வாசலிலேயே துளசி பிடித்துக்கொண்டாள். நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுப்பவள் அவள்தான்.

"அக்கா, படம் ஏறவே மாட்டேங்குது. எடம் இல்லன்னு வருது."

படங்களைச் சேமிக்கப் பதினாறு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே கிடங்காக அமைத்தது நான். உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் காலி! ஆனால் ஒரு வெற்று ஃபைலைக்கூடப் புதிதாகப் போட முடியவில்லை.

நிர்வாகி காசிநாதன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பாதி காலியா இருக்குதுன்ற, எடம் இல்லன்னும் சொல்ற. ரெண்டுல எதுமா நெசம்?"

இரண்டும் நிஜம் என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 12

டிஸ்க் விற்ற சென்னைக் கம்பெனியில் இன்னும் நாலு வாங்கிச் சேர்க்கச் சொல்கிறார்கள். காலி இடத்தோடு இன்னும் காலி இடமா? துளசி இப்போதைக்குத் தன் கம்ப்யூட்டரிலேயே படங்களை வைத்திருக்கிறாள். ஞாயிறு வாலாஜாபாத்தில் கண் முகாம். அவ்வளவும் அதில் கொள்ளாது.

பிப்ரவரி 13

மோசமான நாள். முதல் வருஷப் படங்களில் ஒரு ஃபோல்டரை அழித்துப் பார்க்கச் சொன்னார் காசிநாதன் சார். வேறிடத்தில் பிரதி வைத்துக்கொண்டு அழித்தேன். உடனே படம் ஏறியது.

"பாத்தியா? பழச எல்லாம் தூக்கிடு. வேல முடிஞ்சுது."

முதல் படம் இல்லையென்றால் கண் கெட்டிருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? டாக்டர் ஹேமாம்புஜம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! காசிநாதன் சாரிடம் கெஞ்சியதில் சனிக்கிழமை மதியம் வரை அவகாசம் கிடைத்தது. அதற்கப்புறம் அவரே அழித்துவிடுவாராம். செய்வார் மனுஷன்.

பிப்ரவரி 14

நேற்று கிடைத்த இடமும் காலையிலேயே நிரம்பிவிட்டது. போன மாத ஃபோல்டர் ஒன்றை வெளியே நகர்த்திப் பார்த்தேன். நேற்று அழித்ததைவிடப் பெரியது. ஆனாலும் படம் ஏறவில்லை! அப்படியானால் எவ்வளவு காலி என்பது விஷயமில்லை — எங்கே காலி என்பதுதான்!

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது! ஒவ்வொரு படத்துக்கும் அது டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற சிறு குறிப்பைச் சிஸ்டம் தனியே எழுதுகிறது. ஐநோடு என்பார்கள். அந்தக் குறிப்புகளைக் கிடங்கின் முன்பகுதியில் மட்டும்தான் எழுதும். பின்னால் போகப் போகக் குறிப்பின் எண் பெரிதாகுமாம்; பெரிய எண்கள் பழைய புரோகிராம்களுக்குப் புரியாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடாம். அந்த முன்பகுதியை முதல் வருஷப் படங்கள் அடைத்துக்கொண்டன. பின்னால் எவ்வளவு காலியிருந்து என்ன பிரயோஜனம்?

அமைப்பில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் எங்கு வேண்டுமானாலும் எழுதும். எதையும் அழிக்க வேண்டாம். ஆனால் டாக்டர் அறையில் படம் பார்க்கும் புரோகிராம் பழசு. அது திறக்க மறுத்துவிட்டால்? பயமாக இருக்கிறது. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"என் ரூம்லயே முதல்ல பாத்துடலாம், ஸிந்துஜா. ஒரு படம் போட்டுப் பாரு."

பிப்ரவரி 16

ஏறியது. டாக்டர் அறையிலும் திறந்தது!! அழித்த ஃபோல்டரையும் பிரதியிலிருந்து திரும்பப் போட்டுவிட்டேன். "ஒண்ணுமே அழிக்கலியா? நெசமாவா?" என்று காசிநாதன் சார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

பிப்ரவரி 17

வாலாஜாபாத்தில் நல்ல கூட்டம். எல்லாப் படங்களும் ஏறின. கால் வலி.

மார்ச் 5

முசரவாக்கத்திலிருந்து பொன்னியம்மாள் என்ற அம்மா வந்திருந்தார். முதல் வருஷ முகாமிலேயே கண் நரம்பில் சந்தேகம் என்று சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டும் எங் கண்ணாமா?"

"ஆமாம்மா. ஒண்ணு அப்போ எடுத்தது, ஒண்ணு இன்னிக்கு" என்றேன்.

"எது பழசு, எது புதுசுன்னே தெரியலியேம்மா. ஒரே மாரி இருக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுதாம்மா நல்ல சேதி. அதுக்கப்புறம் கண்ணு கெடவே இல்ல. அதே மருந்த விட்டுக்கிட்டு வாங்க."

பொன்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்மா" என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.